கூடாத மேற்கை எலும்பும் தொங்கும் மணிக்கட்டும்: இன்னும் காத்திருக்கலாமா?

கேள்வி, சுருக்கமாக: பெங்களூரு விவேக் நகரில் வசிக்கும் ஒருவர் தம் தந்தைக்காகக் கேட்டிருக்கிறார். தந்தைக்கு வயது 54. ஏழு மாதங்களுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது மேற்கை எலும்பு நடுப்பகுதியில் முறிந்தது. அன்றே மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போய்விட்டது. முதலில் ஸ்லாப், அதாவது பாதி மாவுக்கட்டு, போட்டார்கள். பிறகு சில வாரங்கள் நாட்டுக் கட்டு. இப்போதும் எக்ஸ்ரேயில் முறிவு அப்படியே தெரிகிறது, முறிந்த இடம் ஆடுகிறது, மணிக்கட்டு தொங்குகிறது. சர்க்கரை நோயும் பீடிப் பழக்கமும் உண்டு. ஒரு மருத்துவர் பிளேட் வைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் நரம்பு தானாகத் திரும்பும், ஒரு வருடம் பொறுங்கள் என்கிறார். ஆபரேஷன் செய்தால் நரம்பு அடியோடு போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். எலும்பு கூடாததற்கு நாட்டுக் கட்டுதான் காரணம் என்று வீட்டில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கிறார்கள். என்ன செய்வது, பணத்துக்கு என்ன வழி?

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தையின் எலும்பையும் நரம்பையும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாக எடுத்துக்கொண்டு, ஒன்று முடியட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று வரிசையில் நிறுத்தக் கூடாது. எலும்பை நிலைநிறுத்துவதும் நரம்பைத் திறந்து பார்த்து விடுவிப்பதும் ஒரே அறுவையில் நடக்க வேண்டியவை. அதுவும் இனித் தள்ளிப்போடாமல் நடக்க வேண்டியவை. பொறுக்கச் சொன்ன மருத்துவர் தவறான விதியைச் சொல்லவில்லை. அந்த விதிக்கு உரிய காலம் கடந்துவிட்டது, அவ்வளவுதான்.

மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த வைக்கும் ரேடியல் நரம்பு அக்குளிலிருந்து இறங்கி, மேற்கை எலும்பின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வந்து, முழங்கையின் வெளிமூட்டுக்கு ஏறக்குறைய 10 செ.மீ. மேலே ஒரு கெட்டியான சவ்வைத் துளைத்து முன்பக்கம் போகிறது. நடுப்பகுதியில் அது எலும்பை ஒட்டியே கிடக்கிறது. சவ்வைத் துளைக்கும் இடத்திலோ நகர்ந்து கொடுக்க அதற்கு இடமே இல்லை. ஆகவே எலும்பு அந்தப் பகுதியில் முறியும்போது நரம்பு இழுபடுகிறது, நசுங்குகிறது, சிலருக்கு முறிந்த முனைகளுக்கு இடையே சிக்கிக்கொள்கிறது, அரிதாக அறுந்தே போகிறது. மேற்கை எலும்பின் தண்டுப் பகுதி முறிந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்த நரம்பு பாதிக்கப்படுவதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. எலும்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் திருகியபடி முறியும் வகையில் நரம்புக்கு ஆபத்து அதிகம் என்று ஹோல்ஸ்டீன், லூயிஸ் என்ற இரு மருத்துவர்கள் 1963-இல் எழுதினார்கள். அந்த வகை முறிவு இன்றும் அவர்கள் பெயராலேயே அறியப்படுகிறது.

இப்படிச் செயலிழந்த நரம்புகளில் பத்துக்கு ஏழு, கத்தி வைக்காமலேயே திரும்பிவிடுகின்றன. தோல் கிழியாத முறிவில், விபத்து நடந்த அன்றே நரம்பைத் தேடித் திறக்க வேண்டாம், மூன்று நான்கு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்று உலகெங்கும் சொல்வது இதனால்தான். அந்த அறிவுரை உங்கள் தந்தைக்கு முதல் மாதத்தில் மிகச் சரியானது. எட்டாவது மாதத்தில் ஏன் பொருந்தாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நரம்பின் உள்ளிழைகள் அறுந்துவிட்டால், காயத்துக்குக் கீழே உள்ள பகுதி முழுவதும் சிதைந்து, காயத்திலிருந்து புதிய இழை மீண்டும் முளைத்து வர வேண்டும். அது நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும், மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். மேற்கையின் நடுவிலிருந்து, முதலில் உயிர்பெற வேண்டிய தசை வரையிலான தூரம் 8 முதல் 10 செ.மீ. முழங்கையை மடக்கும்போது முன்கையின் வெளிப்பக்கம் புடைத்து நிற்கும் தசை அது. பிரேக்கியோரேடியாலிஸ் என்பது அதன் பெயர். முளைக்கத் தொடங்குவதற்கு ஆகும் சில வாரங்களையும் சேர்த்தால் நான்கு மாதம், தாராளமாக வைத்தால் ஐந்து மாதம். அதற்குள் அந்தத் தசை சிறிதேனும் துடிக்க வேண்டும். ஏழு மாதமாகியும் அது அசையவில்லை என்றால், இழை வழியில் எங்கோ தழும்பில் முட்டி நின்றுவிட்டது, அல்லது நரம்பு தொடர்ச்சியாகவே இல்லை என்று கொள்ள வேண்டும். இன்னும் ஐந்து மாதம் பொறுப்பதால் இந்த நிலை மாற வாய்ப்பு மிகக் குறைவு.

மறுபக்கம் தசை ஒன்று காத்திருக்கிறது. நரம்பின் தொடர்பு இல்லாத தசை மெல்ல மெல்லச் சுருங்கி, 12 முதல் 18 மாதங்களில் நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ள முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. எட்டாவது மாதத்தில் நரம்பைத் தைக்கிறோம் என்று வையுங்கள். மணிக்கட்டைத் தூக்கும் தசைகளை இழை 12 அல்லது 13-ஆவது மாதத்தில் எட்டும், பயன் கிடைக்கலாம். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நிமிர்த்தும் தசைகளோ முன்கையின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. காயத்திலிருந்து 25 செ.மீ.க்கும் மேல். அங்கே போய்ச் சேர்வதற்குள் 17, 18 மாதங்கள் ஆகிவிடும். அதாவது இன்றைக்கே செய்தாலும் மணிக்கட்டுக்கு நம்பிக்கை உண்டு, விரல்களுக்கு அரைகுறை நம்பிக்கைதான். ஒரு வருடம் முடிந்தபின் செய்தால் இரண்டுக்கும் கேள்விக்குறி. கூடாத எலும்பை இரண்டு வருடம் கழித்துக்கூடக் கூட வைத்துவிடலாம். நரம்பில் அந்தச் சலுகை இல்லை. அவசரம் நரம்புக்குத்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

நரம்பு உண்மையிலேயே திரும்பவில்லையா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அவருடைய முழங்கையை மடக்கி, கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கும்படி முன்கையை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கையால் மணிக்கட்டுக்கு மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதை எதிர்த்து முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கத்தில் கயிறுபோல ஒரு தசை எழுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். அடுத்ததாக உள்ளங்கையை மேசையில் தட்டையாக வைத்து, கட்டைவிரலை மட்டும் மேசையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள்.

இரண்டு ஏமாற்றங்கள் இங்கே உண்டு. கையை இறுக மூடிவிட்டுச் சட்டென்று விட்டால் மணிக்கட்டு சற்றே எழும்புவதுபோலத் தெரியும். அது மடக்கும் தசைகளின் எதிர்வினை, நரம்பு திரும்பியதன் அடையாளம் அல்ல. அதேபோல விரல்களின் நடு மூட்டும் நுனி மூட்டும் நிமிர்வதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அந்த வேலையைச் செய்வது உள்ளங்கையின் சிறு தசைகள், அவற்றுக்கு வேறு நரம்பு. விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முதல் மூட்டு நிமிர்கிறதா என்பதே கேள்வி. குடும்பங்கள் மாதக்கணக்கில் நம்பிக்கையோடு காத்திருப்பதற்கு இந்த இரண்டு தோற்றங்களே பெரும்பாலும் காரணம்.

மருத்துவர் இதோடு இ.எம்.ஜி. பரிசோதனையும் செய்யச் சொல்வார். நம் ஊர்ப் பேச்சில் நரம்பு டெஸ்ட். மெல்லிய ஊசியைத் தசையில் செலுத்தி, புதிய நரம்பிழை வந்து சேர்வதன் மின் அடையாளங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்; கண்ணுக்கு அசைவு தெரிவதற்குச் சில வாரங்கள் முன்பே இதில் தெரிந்துவிடும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் உட்படப் பல இடங்களில் இது நடக்கிறது. உயர்திறன் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், பழக்கப்பட்ட கை பார்த்தால், நரம்பு தொடர்ச்சியாக இருக்கிறதா, எலும்பு முனைகளுக்கு இடையே மாட்டியிருக்கிறதா என்பதும் தெரியும். இரண்டும் செய்யலாம். ஆனால் இவற்றின் முடிவு எப்படி வந்தாலும் எலும்புக்காக அறுவை தேவைப்படுகிறது என்பதை மறக்க வேண்டாம். டெஸ்டில் சிறிது உயிர் தெரிகிறது என்பதற்காக, ஆடும் எலும்பு முனைகளுக்கு நடுவில் அந்த நரம்பை உரசிக்கொண்டே கிடக்க விடுவது சரியாகாது.

இனி எலும்பு. நாட்டுக் கட்டுதான் காரணம் என்று உங்கள் வீட்டில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது முழு உண்மை அல்ல. மேற்கை எலும்பு அசையாமல் இறுகக் கட்டப்படாமலேயே கூடக்கூடியது. மேற்கையைச் சுற்றிப் பிடிக்கும் பிரேஸ் என்ற உறையைப் போட்டுக் கையை அசைக்கவிடும் முறையை அமெரிக்காவில் அகஸ்டோ சார்மியெண்டோ 1977-இல் எடுத்துரைத்தார். பிற்பாடு 620 பேரைத் தொடர்ந்து பார்த்து, தோல் கிழியாத முறிவுகளில் கூடாமல் போனவை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்று எழுதினார். எல்லார் கையிலும் அந்த அளவு வெற்றி வரவில்லை. பின்லாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரேஸ் போடப்பட்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் ஓராண்டுக்குள் ஆபரேஷனுக்குப் போக நேர்ந்தது. ஆகவே முறையான சிகிச்சையிலும் கூடாமல் போவது நடக்கும். உங்கள் தந்தைக்குச் சர்க்கரையும் பீடியும் அதைச் சுலபமாக்கியிருக்கும். கனமான ஸ்லாப் முறிவைக் கீழ்நோக்கி இழுத்து இடைவெளி உண்டாக்கியிருக்கலாம். இடையில் தசை புகுந்திருக்கலாம். கட்டை அடிக்கடி அவிழ்த்துக் கட்டியதும் உதவியிருக்காது. இப்போது அதைத் தோண்டுவதில் பயன் இல்லை. அந்தக் கட்டில் பச்சிலை, எண்ணெய் வைத்துத் தோலில் கொப்புளமோ புண்ணோ வந்ததா என்பதை மட்டும் அறுவை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கிருமித் தொற்றைப் பற்றிய சந்தேகம் அங்கேதான் தொடங்கும்.

எக்ஸ்ரேயில் முறிவு முனைகள் எப்படி இருக்கின்றன என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முனைகள் தடித்துக் காளான் தலைபோல விரிந்திருந்தால் எலும்புக்கு உயிர் இருக்கிறது, பிடிமானம்தான் இல்லை. பிளேட்டை அழுத்திப் பொருத்தினாலே பெரும்பாலும் கூடிவிடும். முனைகள் மெலிந்து பென்சில் முனைபோலக் கூர்ந்திருந்தால் பிடிமானத்தோடு புதிய எலும்புத் துகளும் வைக்க வேண்டும். சர்க்கரையும் பீடியும் சேர்ந்த ஒருவருக்கு இரண்டாவது வகையே அதிகம் பார்க்கிறோம்.

அறுவைக்கு முன், தொற்று இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். ஆகிய ரத்தப் பரிசோதனைகள், வைட்டமின் டி, தைராய்டு, சர்க்கரையின் மூன்று மாத சராசரி இவற்றைப் பார்ப்பார்கள். சராசரி அதிகமாக இருக்கிறது, அது இறங்கட்டும் என்று மூன்று மாதம் தள்ளிப்போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே போட்ட கணக்கில் அந்த மூன்று மாதம் மிகப் பெரியது. தினசரிச் சர்க்கரையை இன்சுலின் கொண்டு இரண்டு வாரத்தில் கட்டுக்குள் கொண்டுவந்து அறுவைக்குப் போகலாம். பீடியை இன்றே நிறுத்த வேண்டும். இதில் பேரம் கிடையாது. புகையிலை எந்த வடிவில் இருந்தாலும், வாயில் அடக்கிக்கொள்வதாக இருந்தாலும், எலும்புக்கு ரத்தம் போவதைக் குறைக்கும். எலும்பு கூட வைக்கும் ஊசி, ஸ்டெம் செல் என்று விளம்பரம் பார்த்து யாராவது சொல்வார்கள். ஆடிக்கொண்டிருக்கும் ஏழு மாத இடைவெளியை ஊசி கூட வைக்காது.

அறுவை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் உறவினர்களின் பயம் பாதி குறையும். கையின் முன்-வெளிப்பக்கம் வழியாகவோ பின்பக்கம் வழியாகவோ திறப்பார்கள். முறிவு எங்கே இருக்கிறது, நரம்பை எங்கே பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது அது. நல்ல அறுவை மருத்துவர் நேரே முறிவுக்குப் போக மாட்டார். முதலில் முறிவிலிருந்து தள்ளி, தழும்பு இல்லாத நல்ல இடத்தில் நரம்பை அடையாளம் காண்பார். முன்பக்கமாகப் போனால் முழங்கைக்குச் சற்று மேலே இரண்டு தசைகளுக்கு நடுவே அது கிடைக்கும். அதைச் சுற்றி மெல்லிய ரப்பர் நாடாவைத் தளர்வாகப் போட்டுக்கொண்டு, மேல்நோக்கித் தொடர்ந்து போய், தழும்பிலிருந்து அங்குலம் அங்குலமாகப் பிரித்தெடுப்பார். இதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இதில் அவசரப்படும் இடத்தில்தான் உறவினர்கள் சொல்லும் விபத்து நேர்கிறது.

நரம்பைப் பத்திரமாக ஒதுக்கியபின் முறிவு. இடையில் இருக்கும் நார்த்திசுவை முழுவதும் அகற்றி, முனைகளில் ரத்தம் கசியும் நல்ல எலும்பு வரும்வரை சுரண்டி, இரு பக்கமும் அடைபட்டுக் கிடக்கும் மஜ்ஜைக் குழாயைத் துளைத்துத் திறந்து, முனைகள் முழுப்பரப்பில் ஒட்டும்படி வெட்டிச் சீராக்குவார்கள். அகற்றிய திசுவிலிருந்து ஐந்து மாதிரியாவது கிருமிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இதற்காகவே அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஆன்டிபயாடிக் சாப்பிடாமல் இருப்பது நல்லது.

இதில் எலும்பு ஓரிரண்டு செ.மீ. குறைந்துவிடும். குறையட்டும். காலில் 2 செ.மீ. குறைந்தால் நடை கெடும்; மேற்கையில் 3 செ.மீ. வரை குறைந்தாலும் சட்டை போட்டால் யாருக்கும் தெரியாது, வேலைக்கும் இடைஞ்சல் இல்லை. அந்தக் குறைவே நரம்புக்கு வரமாகவும் அமையலாம். நரம்பில் கெட்டுப்போன ஒரு துண்டை வெட்டி எறிய நேர்ந்தால், எலும்பு குறைந்த அளவுக்கு நரம்பின் இரு முனைகளும் நெருங்கி வந்திருக்கும். இடையே வேறு நரம்புத் துண்டு வைக்காமல் நேராகத் தைத்துவிடலாம். முதலில் எலும்பு, பிறகு வேறொரு நாள் நரம்பு என்று பிரித்தால் இந்த வாய்ப்பு போய்விடும். பிளேட்டுக்கு மேலே உண்டாகும் புதுத் தழும்புக்குள் நரம்பை மறுபடி தேட வேண்டியும் வரும். இரண்டையும் ஒரே அறுவையில் முடிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் முக்கியக் காரணம் இதுவே.

நிலைநிறுத்துவதற்கு இன்றும் நம்பகமானது நல்ல நீளமுள்ள 4.5 மி.மீ. பிளேட்டும், முறிவுக்கு இருபுறமும் மூன்று நான்கு ஸ்க்ரூக்களும், தேவைப்பட்டால் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளும். இந்த முறையில், தொற்று இல்லாதவர்களில், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எலும்பு கூடிவிடுகிறது. ஸ்க்ரூ பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும் லாக்கிங் பிளேட் என்ற பெயரைக் கேட்டு அதுவே உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். எலும்பு மெலிந்திருந்தால் அது உதவும், ஆனால் முனைகளை முதலில் அழுத்திச் சேர்க்காமல் அதைப் பூட்டினால் இடைவெளியையும் சேர்த்தே பூட்டிவிடும். எலும்பு மிக மெலிந்தவர்களுக்குக் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் உள்ள ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பில் சிறிது எடுத்து மஜ்ஜைக் குழாய்க்குள் ஊன்றி, அதில் ஸ்க்ரூ பிடிக்க வைப்பதும் உண்டு. எலும்பின் குழாய்க்குள் ராடு போடலாமே என்று யாராவது கேட்டால், கூடாமல் போன தொடை எலும்பில் நன்றாக வேலை செய்யும் அந்த முறை மேற்கையில் அவ்வளவு எடுபடுவதில்லை என்று சொல்லுங்கள். கைக்கு வருவது பெரும்பாலும் முறுக்கு விசை, ராடு அதை நன்றாகத் தாங்காது. தொற்று இருப்பது தெரியவந்தால் கதை வேறு: முதலில் சுத்தம் செய்து ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்ட் வைத்து, தொற்று அடங்கியபின் இரண்டாம் கட்டமாக எலும்பு வேலை, அல்லது வெளியிலிருந்து கம்பிகளால் நிறுத்தும் இலிசரோவ் முறை. தோல் கிழியாத, முன்பு அறுவை செய்யாத கையில் அதற்கு வாய்ப்புக் குறைவு.

முழங்கையோ தோளோ விறைத்திருந்தால் அதையும் அதே வேளையில் தளர்த்த வேண்டும். விறைத்த மூட்டு அசைய மறுக்கும்போது அந்த அசைவு முழுவதும் முறிவில் போய் விழும். பிளேட் தளர்ந்து பிடுங்கிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

விடுவித்த நரம்பை என்ன செய்வது என்பதை அங்கேயே சிறிய மின்தூண்டலால் முடிவு செய்யலாம். காயத்துக்கு மேலே தூண்டும்போது கீழே தசை துடித்தால், தழும்பிலிருந்து விடுவித்ததே போதும். துடிக்கவில்லை, நரம்பின் ஓரிடம் கட்டிதட்டிக் கெட்டியாக இருக்கிறது என்றால் அந்தப் பகுதியை வெட்டி நேராகத் தைக்க வேண்டும். முடியாத இடைவெளியாக இருந்தால் கெண்டைக்காலிலிருந்து சூரல் நரம்பை எடுத்து இடையில் ஒட்டுவார்கள். பாதத்தின் வெளி விளிம்பு மரத்துப்போவது அதற்குக் கொடுக்கும் விலை. இடைவெளி நீள நீள இந்த ஒட்டின் பயன் குறைகிறது. அறுவை செய்பவர் எலும்பு மருத்துவர் மட்டுமே என்றால், நரம்பைத் தைக்கத் தெரிந்த கை அறுவை மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ அன்று உடன் இருப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். திறந்து பார்த்துவிட்டு, நரம்பு கெட்டிருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று மூடிவிடுவது மிக மோசமான முடிவு.

இப்போது அந்தப் பயத்துக்கு வருவோம். அறுவையால் ரேடியல் நரம்பு செயலிழப்பது உண்மையாகவே நடக்கக்கூடியது. தழும்பு நிறைந்த கையில் அந்த ஆபத்து கூடுதல். பெரும்பாலும் தற்காலிகமாக இருக்கும், சிலருக்கு நிரந்தரமாகவும் ஆகலாம். நன்றாக வேலை செய்யும் நரம்போடு எலும்பு மட்டும் கூடாமல் வந்தவருக்கு இதை நான் கவனமாக எடுத்துச் சொல்வேன். உங்கள் தந்தையின் நரம்பு முறிவுக்குக் கீழே ஏற்கனவே செயல்படவில்லை. முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசைக்கான கிளைகள் பெரும்பாலும் முறிவுக்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. காப்பாற்ற வேண்டியவை அவைதான், பின்பக்கமாகத் திறப்பவர் அதை நன்கு அறிவார். இழப்பதற்கு மிகக் குறைவாகவும் பெறுவதற்கு அதிகமாகவும் இருக்கிற நிலை இது.

மயக்கம் கொடுப்பது பற்றி ஒரு சிறு செய்தி. கழுத்தருகே ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்தால் வலி நன்றாக அடங்கும். ஆனால் கண் விழித்தவுடன் நரம்புகளின் நிலையைப் பார்க்க முடியாது, அறுவையின்போது மின்தூண்டலும் குழம்பிவிடும். ஆகவே பொது மயக்கம் மேல் என்பது என் கருத்து. அறுவைக்கு முன் எந்தெந்தத் தசை அசைகிறது, எங்கெங்கே உணர்ச்சி இருக்கிறது என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பதும் அவசியம்.

நரம்பு தைத்தும் விரல் நிமிரவில்லை என்றாலோ, தைக்கவே முடியாத நிலை என்றாலோ கை அவ்வளவுதான் என்று எண்ண வேண்டாம். வேலை செய்யும் நரம்புகளின் தசைநார்களை இடம் மாற்றி, செயலிழந்தவற்றோடு இணைக்கலாம்: முன்கையைத் திருப்பும் தசை ஒன்று மணிக்கட்டைத் தூக்கும், மணிக்கட்டை மடக்கும் இரண்டு தசைகளில் ஒன்று விரல்களை நிமிர்த்தும், உள்ளங்கைப் பக்கத்து மெல்லிய நார் ஒன்று கட்டைவிரலை நிமிர்த்தும். விரல்களுக்கான அந்த மாற்றம் பால் பிராண்ட் பெயரால் வழங்குகிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு உயிர் கொடுத்தவர் அவர். ரேடியல் நரம்புக்கான தசைநார் மாற்றம் கை அறுவைகளிலேயே மிக நல்ல பலன் தருபவற்றில் ஒன்று. தட்டு ஏந்தவும் வண்டி ஓட்டவும் கையெழுத்துப் போடவும் முடியும். இதற்கு நரம்பைப் போலக் காலக்கெடு இல்லை. எலும்பு கூடியபின் நிதானமாகச் செய்யலாம். ஆனால் அதற்கு விரல் மூட்டுகள் விறைக்காமல் இருக்க வேண்டும். அந்த வேலை இன்றிலிருந்தே தொடங்குகிறது: மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் காக்-அப் ஸ்ப்ளிண்டை இரவும் பகலும் போட்டுக்கொள்வது, ஒரு நாளைக்குப் பல தடவை மறுகையால் ஒவ்வொரு விரல் மூட்டையும் முழுவதும் நிமிர்த்தி மடக்குவது. கரண்ட் வைப்பது என்று நம்மவர்கள் சொல்லும் மின்சிகிச்சைக்குத் தினமும் ஆட்டோ பிடித்துப் போவதைவிட இது பலமடங்கு பயனுள்ளது. கரண்ட் நரம்பை முளைக்க வைப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

அறுவை முடிந்த மறுநாளே விரல்களையும் ஒரு வாரத்துக்குள் முழங்கையையும் அசைக்கச் சொல்வார்கள். நரம்பைத் தைத்திருந்தால் அந்த முழங்கையசைவு இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும். இடுப்பில் எலும்பு எடுத்த இடம் சில நாட்கள் கையைவிட அதிகமாக வலிக்கும், பயப்பட வேண்டாம். எலும்பு கூட நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே. அதுவரை வலது கையால் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. நரம்பைத் தோலின்மேல் விரலால் தட்டிப் பார்க்கும்போது சுருக்கென்று மின்சாரம் பாய்வதுபோல் உணரும் இடம் மாதாமாதம் இரண்டு மூன்று செ.மீ. கீழே இறங்கி வந்தால் இழை வளர்கிறது என்று பொருள். அந்த இடத்தைப் பேனாவால் குறித்துத் தேதியோடு போனில் படம் எடுத்து வையுங்கள்.

பணம் குறித்தும் கேட்டிருந்தீர்கள். உங்கள் தந்தைக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் ராஜாஜி நகர் மருத்துவமனையில் தொடங்குங்கள். கர்நாடக பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தால் ஆரோக்ய கர்நாடகா என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் பற்றி சிவாஜி நகர் பௌரிங் மருத்துவமனையிலோ, எலும்பு சிகிச்சைக்கென்றே உள்ள சஞ்சய் காந்தி மருத்துவமனையிலோ விசாரியுங்கள். நரம்பைத் தைக்கவும் நேரலாம் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அதற்கு இங்கே ஆள் அமையாவிட்டால் வேலூர் சி.எம்.சி.யின் கை அறுவைப் பிரிவும் கோவை கங்கா மருத்துவமனையும் இருக்கின்றன. வேலூரை ஒட்டிய காட்பாடிக்கு ரயிலில் காலையில் கிளம்பினால் அன்றே போய்ச் சேர்ந்துவிடலாம்.

போகும்போது விபத்தன்று எடுத்த முதல் எக்ஸ்ரேயிலிருந்து எல்லாவற்றையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள். அறுவை முடிந்தபின் டிஸ்சார்ஜ் சீட்டோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நரம்பு தொடர்ச்சியாக இருந்ததா, எப்படித் தைக்கப்பட்டது, பிளேட்டின் எத்தனையாவது துளைக்கு மேலே நரம்பு கடந்து போகிறது ஆகிய மூன்றும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். என்றாவது அந்தப் பிளேட்டைக் கழற்ற நேர்ந்தால், அப்போது கத்தி எடுப்பவருக்கு அந்தத் துளை எண்ணைவிடப் பயனுள்ள தகவல் வேறு இருக்காது.